நாலாம் வகைக்கு எந்த ஊர்?

டாக்டருக்கு நோயாளிகளைவிட வரைபடத்தின் மேல்தான் பிரியம். நோயாளி இருமுவான், எதிர்க்கேள்வி கேட்பான். வரைபடம் பூசின நிறத்தோடு வாயை மூடிக்கொண்டு சுவரில் கிடக்கும். அவருடைய ஆஸ்பத்திரிக்குள் நுழைகிற யாரும் அதைப் பார்க்காமல் தப்ப முடியாது. ஆள் உயரம், கண்ணாடிச் சட்டம், மேலே தனி விளக்கு. மலைப்பக்கம் பச்சை, ஆற்றோரம் நீலம், சமவெளி மஞ்சள், துறைமுகப் பக்கம் மட்டும் சிவப்பு. ஓரத்தில் டாக்டரின் பெயர், வரைபடத்தின் தலைப்பைவிடப் பெரிய எழுத்தில் இருந்தது.

விஷயம் இதுதான். கல்லீரலைச் சத்தமில்லாமல் தின்கிற ஹெபடைட்டிஸ் சி என்கிற கிருமியில் பல வகை உண்டு. எந்தப் பக்கத்து நோயாளிகளிடம் எந்த வகை இருக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்து எழுதினால் அது ஆராய்ச்சி. உருப்படியான வேலைதான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் நம் டாக்டர் அதோடு விடவில்லை. மலைக்காரனுக்கு ஒன்றாம் வகை, சமவெளிக்காரனுக்கு மூன்றாம் வகை, துறைமுகத்துக்காரனுக்கு நாலாம் வகை என்று கிருமிக்கே வீடு பிரித்துக் கொடுத்துவிட்டார். வேலி தாண்டின கிருமியை அவருக்குப் பிடிக்காது.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. எல்லாருக்கும் அவள் டாக்டரம்மா. மருத்துவம் படித்தவள் இல்லை, டாக்டரைக் கட்டிக்கொண்டதில் வந்த பட்டம். ஆனால் ஆஸ்பத்திரியின் சக்கரம் அவள் கையில்தான் சுற்றியது. துணி வெளுப்பதிலிருந்து ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதுவரை அவள்தான். மாடியில் டயாலிசிஸ் கூடம். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்தில் சில நாள் வந்து, கையில் ஊசி குத்திக்கொண்டு, ரத்தத்தை இயந்திரத்துக்கு அனுப்பிச் சுத்தம் பண்ணிக்கொண்டு போகிற இடம். ஜன்னலோர நாற்காலிக்கு எப்போதும் போட்டி நடக்கும். யாருக்கு யார் பக்கத்தில் உட்காரப் பிடிக்காது என்பதுகூட டாக்டரம்மாவுக்கு அத்துப்படி.

வரைபடத்துக்கு வந்த வினையும் அந்தக் கூடத்திலிருந்துதான் கிளம்பியது. ஆஸ்பத்திரி இருப்பது மஞ்சள் பகுதியின் நட்டநடுவில். டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்கள். சோதித்துப் பார்த்தால் அவர்களில் சிலருக்கு நாலாம் வகை, துறைமுகத்துச் சிவப்பு வகை. மூளை உள்ளவன் என்ன செய்வான்? ஒரே கூரையின் கீழ் இத்தனை பேருக்கு இது எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிப்பான். நம் டாக்டர் யோசிக்கவில்லை, கோபப்பட்டார். தன் மஞ்சளுக்குள் சிவப்பைக் கொண்டுவந்து கொட்டியது எவன் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். வீடு, பள்ளிக்கூடம், இப்போது இந்த நாற்காலி, இதைத் தவிர வேறு இடம் அறியாதவர். அவருக்கும் நாலாம் வகை. "உங்க வீட்டுக்காரர் துறைமுகத்துப் பக்கம் போனதுண்டா?" என்று டாக்டர் துருவினார். "கல்யாணத்துக்கு முன்னாடி அங்க கொஞ்ச நாள் வேலை பாத்தாரு" என்றார் பாவம் அந்த அம்மாள். அவ்வளவுதான்! செத்துப் பல வருஷமான மனுஷன் தலையில் பழியைக் கட்டி, மனைவியை மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாற்றி எழுதியாயிற்று. தலைமையாசிரியை அன்றைக்கு இயந்திரத்தில் இருந்த நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே கிடந்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த கணவனை மறுபடி எடைபோட வேண்டி வந்தால் யாருக்குத்தான் கண்ணைத் திறக்கத் தோன்றும்?

அதே கூடத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு லாரி டிரைவர் விஷயத்தில் டாக்டருக்கு அந்தச் சிரமமும் இருக்கவில்லை. அவன் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருந்தவன். சிறுநீரகம் கெட்ட பிறகு வண்டியை விட்டுவிட்டான். நாலாம் வகை என்று முடிவு வந்த அன்று டாக்டர் அவனையும் அவன் மனைவியையும் வரைபடத்துக்கு முன்னால் நிற்க வைத்தார். குச்சியால் சிவப்பைத் தட்டினார்.

"இது இங்க இருக்கிற வகை இல்லம்மா. அங்க இருந்து வந்தது. உன் வீட்டுக்காரர் ராத்திரியில லாரியை எங்கெங்க நிறுத்தினாருன்னு நீதான் கேட்டுக்கணும்."

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. டாக்டரம்மா அப்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். தன் வீட்டுக்காரர் என்றும் பாராமல் கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. டிரைவர், "சார், சத்தியமா அப்படியெல்லாம் இல்ல சார்" என்றான். "நீ பொய் சொல்லலாம்பா, வரைபடம் பொய் சொல்லாது" என்றார் டாக்டர். டிரைவரின் மனைவி மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு டிரைவர் டயாலிசிஸுக்கு வரவில்லை. ஒரு முறை வரவில்லை என்றதும் டாக்டரம்மா ஆள் அனுப்பினாள். அடுத்த முறையும் வராதபோது தானே போனில் பேசினாள். அவன் எடுத்து, "எனக்கு இனிமே அது வேண்டாம்மா" என்று வைத்துவிட்டான். டயாலிசிஸ் வேண்டாம் என்றால் உயிர் வேண்டாம் என்று அர்த்தம். இது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மூன்றாவது முறையும் நாற்காலி காலியாகக் கிடந்த காலையில் டிரைவரின் அக்கா வந்து நின்றாள். தையல் வேலை செய்கிறவள், தோளில் அளவு நாடா தொங்க அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"டாக்டரய்யா, அவனுக்குக் காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டுது, உக்காந்தே கெடக்கான். பொண்டாட்டி வந்து என்னை நம்புறேன்னு சொன்னாதான் வருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நீங்க அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். இந்த நோய் வேற மாதிரியும் வரலாம்னு சொல்லுங்கய்யா. நீங்க சொன்னா கேப்பா."

"புருஷன் பொண்டாட்டி பஞ்சாயத்துக்கு நான் வர முடியாது" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த வாரம் வரைபடம் வெளியீட்டு விழா. வெளியூர்லேருந்தெல்லாம் பெரிய பெரிய டாக்டருங்க வர்றாங்க. இன்னைக்கு உன் தம்பிக்காக ஒண்ணு, நாளைக்கு இன்னொருத்தனுக்காக ஒண்ணுன்னு நான் மாத்தி மாத்திப் பேச முடியுமா? அப்புறம் அறிவியல் எதுக்கு இருக்கு?"

அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் டாக்டர் குளித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. டாக்டரம்மா எடுத்தாள். பேசியது பரிசோதனைக் கூடத்து அம்மாள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவள்.

"சார் இல்லையா? நீங்களே சொல்லிடுங்க. ஆராய்ச்சிக்கு நார்மல் ரத்தம்னு ஒண்ணு அனுப்பினாரே, அது நார்மலே இல்ல. மூணு தடவை திருப்பிப் பாத்துட்டேன். கிருமி இருக்கு. நாலாம் வகை. அது யாரோட ரத்தம்னு கேட்டுச் சொல்லுங்க, அந்த ஆளுக்கு உடனே தெரிஞ்சாகணும்."

யாருடைய ரத்தம் என்று டாக்டரம்மாவுக்குக் கேட்கவே தேவையில்லை. இந்த மாதிரி ஆராய்ச்சியில், நோயாளிகளின் ரத்தத்தோடு நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்து அனுப்புவார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. யாரிடம் எடுக்கலாம் என்று நர்ஸ் கேட்டதற்கு டாக்டர் கூடத்து நடுவில் நின்று சட்டைக் கையை மடித்துவிட்டு, "என் ரத்தத்தைவிடச் சுத்தம் எங்க கிடைக்கும்? எடு!" என்று கையை நீட்டினார். அதைப் போட்டோ வேறு எடுத்து வைத்திருந்தார்கள், விழாவில் காட்ட. சுத்தத்துக்கு உதாரணமாகப் போன ரத்தம் நாலாம் வகையோடு திரும்பி வந்திருக்கிறது. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இவர் போட்டோகிராபரையும் கூட்டிவந்து போட்டுக்கொண்டார்.

டாக்டர் துண்டோடு வந்தார். டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

மனுஷன் கேட்ட முதல் கேள்வி அது! எப்படி வந்தது என்று கேட்கவில்லை, உனக்கும் சோதிக்க வேண்டுமே என்று கட்டினவளைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்போதைக்கு எனக்குத் தெரியும்" என்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஒரு மாநாட்டுக்குத் துறைமுகத்துக்குப் போனேன் இல்ல... அங்க... ஒரு தப்பு நடந்துபோச்சு. என்னை மன்னிச்சிடு."

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. அப்புறம் வந்தது பாருங்கள் சிரிப்பு, நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நீங்களா? தப்பா? அந்த மாநாட்டுல வயித்துவலின்னு ரூமை விட்டே வெளிய வராம, ஒரு மணிக்கு ஒரு தடவை எனக்குப் போன் பண்ணி என்ன மாத்திரை போடட்டும்னு என்னைக் கேட்டீங்களே, டாக்டர்! அந்த ஊர்லதான் தப்புப் பண்ணினீங்களா? ஓட்டல்ல ஒரு காபி கேக்கவே உங்களுக்கு ஆள் துணை வேணும்!"

"சிரிக்காதே. நான் ஒத்துக்கிறேன்ல?"

"எதை ஒத்துக்கிறீங்க? உங்க கட்டைவிரலை மறந்துட்டீங்களா?"

டாக்டர் மறக்கவில்லை. அவர் முகம் போன போக்கிலேயே அது தெரிந்தது. போன வருஷம் ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள் முன்னால், நர்ஸ் வேலையைத் தானே செய்து காட்டுகிறேன் என்று தலைமையாசிரியையின் கையிலிருந்து ஊசியை உருவினார். உருவின ஊசி நேராக அவர் கட்டைவிரலில் ஏறியது. நர்ஸைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு சொட்டு ரத்தத்துக்குத் தேங்காய் அளவு கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் திரிந்தார்.

"எனக்கு ஊசியில வந்தது, சரி" என்றார், குரல் இறங்கி. "அவங்களுக்கெல்லாம்..."

"அவங்களுக்கு அந்தப் பெரிய குப்பியில வந்தது."

ரத்தம் உறையாமல் இருக்க டயாலிசிஸில் ஒரு மருந்து போடுவார்கள். ஆளுக்கு ஒரு சின்னக் குப்பி என்பது முறை. பெரிய குப்பி மலிவு என்று டாக்டர்தான் வாங்கிப் போடச் சொன்னார். எல்லாருக்கும் அந்த ஒரே குப்பி. போதவில்லை என்றால் ஒருவருக்குப் போட்ட சிரிஞ்சையே மறுபடி அதற்குள் விட்டு இழுப்பார்கள். மூத்த நர்ஸ் ஒருத்தி, "சார், இது சரியில்ல" என்று சொல்லிப் பார்த்தாள். அவளை "எனக்கே பாடமா?" என்று விரட்டிவிட்டார். துறைமுகத்திலிருந்து நாலாம் வகை யாரோ ஒருவர் உடம்பில் ஏறி வந்திருக்கலாம். மற்றவர்கள் உடம்புக்கு அதைப் பந்தி வைத்துப் பரிமாறியது இந்தக் கூடம்தான்.

"உங்களுக்கு அது முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது" என்றார் டாக்டர். "இங்க பாரு, நான் தப்புப் பண்ணினேன்னு சொன்னா அது இந்த நாலு சுவத்துக்குள்ள முடிஞ்சிடும். நீ ரெண்டு நாள் பேசாம இருப்பே, அப்புறம் சரியாயிடுவே. குப்பின்னு வெளிய போனா ஆஸ்பத்திரியை மூடிடுவாங்க. விழா போச்சு. என் பேரு போச்சு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு சுத்தமாக வற்றிப்போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். மறைக்கத் தன் ஒழுக்கத்தையே சோறாக வடித்துக் கொட்டுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். அதுவும் யாருக்குச் சொந்தமான பொய்? டிரைவர் செய்யாத தப்பு அது, அதைச் சுமக்க முடியாமல்தான் அவன் சாகக் கிடக்கிறான். இவருக்கு அதே தப்பு ஒளிந்துகொள்ள வசதியான போர்வை.

"அந்தப் பையன் செத்துடுவான்" என்றாள்.

"அவனா வராம இருந்தா நான் என்ன பண்ண முடியும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

டிரைவரின் மச்சான் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு இரும்புக் கடையின் மாடியில். டிரைவரின் மனைவி வாசலில் நின்றே பேசினாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. டாக்டரம்மாவும் எதிர்பார்க்கவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு இருக்கிற அதே நாலாம் வகை எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு" என்றாள் டாக்டரம்மா. "ரெண்டும் எங்க ஆஸ்பத்திரியில வந்தது. ஊசியில வந்தது, மருந்துக் குப்பியில வந்தது. உன் வீட்டுக்காரர் எங்கயும் போகல, எதுவும் பண்ணல. அன்னைக்கு எங்க வீட்டுக்காரர் சொன்னது அத்தனையும் உளறல்."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "இதை டாக்டர் சொல்றாரா?"

"டாக்டர் சொல்லமாட்டாரு. நான் சொல்றேன். அந்தக் குப்பியை வாங்கினதுக்குக் கையெழுத்துப் போட்டவ நான்."

"என் பிள்ளை மேல சத்தியம் பண்ணினாருங்க அவரு" என்றாள் அவள். "எனக்குத்தான் நம்பத் தோணல. இவ்வளவு படிச்சவரு, படத்தைக் காட்டிச் சொல்றாரே, அது எப்படிப் பொய்யாகும்னு..." முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. இப்போ கிளம்பு. ஆள் மூச்சு விட முடியாம உக்காந்திருக்காரு."

டிரைவர் தன் வீட்டில் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் அவனுடையதாகவே தெரியவில்லை. மனைவியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் உங்களை நம்பாம விட்டது தப்பு. எந்திரிங்க" என்றாள்.

"டாக்டர் சொன்னாரா?" என்றான் மூச்சுக்கு நடுவே.

"யாரும் சொல்லணும்னு இல்ல. எந்திரிங்க, இல்லன்னா நானும் இங்கயே கெடப்பேன்."

டிரைவரின் அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் தாங்க, டாக்டரம்மா முன்னால் ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். டிரைவர் வழியெல்லாம் மனைவியின் கையை விடவில்லை.

தன் ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா கொண்டுபோகவில்லை. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசலில் தள்ளுவண்டி வந்தது. பணியில் இருந்த இளம் பெண் டாக்டர், தூக்கம் கெட்ட முகம், அவனைப் பார்த்த மாத்திரத்தில் இயந்திரத்தைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு இவர்களிடம் வந்தாள்.

"ஹெபடைட்டிஸ் இருக்கா?"

"சி இருக்கு. நாலாம் வகை" என்றாள் டாக்டரம்மா.

"நாலா? அது இந்தப் பக்கத்து வகை இல்லையே. துறைமுகத்து ஆளா?"

டிரைவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அக்கா பல்லைக் கடித்தாள். வரைபடத்தின் விஷம் இந்த வாசலுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"அது எங்க ஆஸ்பத்திரி வகை" என்றாள் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், மாடி, கூடம், பெரிய குப்பி, ஒரே சிரிஞ்ச், எல்லாவற்றையும் அந்த வராந்தாவில் நின்று, போகிறவர் வருகிறவர் காதில் விழச் சொன்னாள். "அங்க டயாலிசிஸ் பண்ணிக்கிட்ட ஒவ்வொருத்தருக்கும் சோதிச்சுப் பாக்கணும். நான் கூட்டிட்டு வர்றேன். யாருகிட்ட புகார் கொடுக்கணுமோ சொல்லுங்க, அதையும் கொடுக்கிறேன்."

இளம் டாக்டர் அவளையே பார்த்தாள். "மாத்திரை இருக்கும்மா, குணமாயிடும். நல்லவேளை இப்பவாவது வந்தீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முதல் வேலையாகத் தலைமையாசிரியைக்குப் போன் போட்டாள். "உங்க வீட்டுக்காரர் மேல ஒரு குத்தமும் இல்லம்மா, நாங்கதான் காரணம்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அவரு போட்டோவை எடுத்து அலமாரிக்குள்ள வச்சிட்டேனேம்மா" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

கண்ணாடிக் கதவு வழியாக டிரைவரின் நாற்காலி தெரிந்தது. இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. மனைவி அவன் வீங்கின காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சொல்ல, அவள் அழுகையோடு அவன் காலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

அப்போதுதான் டாக்டரின் போன் வந்தது. அதற்குள் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"என்னடி பண்ணிட்டு வந்திருக்கே? கட்டின புருஷனை இப்படியா விட்டுக்கொடுப்பாங்க? என் மானமே போச்சே!"

"மானமா?" என்றாள் டாக்டரம்மா. "துறைமுகத்துல போய்த் தப்புப் பண்ணினேன்னு நீங்கதான் சொன்னீங்க. எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்ல, எல்லாம் அந்தக் குப்பி பண்ணின வேலைன்னு நான் ஊர் முழுக்கச் சத்தியம் பண்ணிட்டு வர்றேன். இந்த ஊர்ல உங்களை நம்பின ஒரே ஆள் நான்தான். வச்சிடுங்க, நானும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கணும்."